பெயர், வேலை, படிப்பு வேண்டாம். உங்களைப் பற்றிச் சின்னதாக ஏதாவது சொல்லுங்கள்

கிறுக்கல்

வணக்கம் நண்பர்களே. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று யாராவது கேட்டால் பெயர், படிப்பு, வேலை, குடும்பம் என்று விண்ணப்பப் படிவத்தை ஒப்பித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். அடுத்த ஐந்து நிமிடத்தில் கேட்டவருக்கு ஒன்றும் நினைவில் இருக்காது. அதையெல்லாம் விட்டுவிட்டு, உங்கள் பழக்கம், பிடித்தது, பிடிக்காதது, கிறுக்குத்தனம் என்று அற்பமாக ஏதாவது எழுதுங்கள். எவ்வளவு அற்பமோ அவ்வளவு நல்லது.

நானே தொடங்குகிறேன். அலாரத்தை முழு மணிக்கு வைக்க மாட்டேன். 6.00 என்றால் யாரோ அதட்டி எழுப்புவதாகத் தோன்றும், 6.07 என்றால் நானாகவே எழுந்த மாதிரி. நாவலில் கடைசி அத்தியாயத்தை முதலில் படித்துவிடுவேன். யார் சாகிறார்கள் என்று தெரிந்தால்தான் நிம்மதியாக முதல் பக்கத்துக்கு வர முடிகிறது. ஒரு பேனாவில் மை தீரும்வரை எழுதி முடித்துவிட்டால் அன்றைக்கு முழுக்க சந்தோஷம். யாருக்காவது தொலைபேசியில் அழைப்பதற்கு முன் பேசப் போவதை வாய்க்குள் ஒருமுறை ஒத்திகை பார்ப்பேன், சொந்தத் தம்பியாக இருந்தாலும்.

இரட்டைச்சுழி

அட, ஒத்திகை கோஷ்டியில் நானும் உண்டு! என்ன பிரயோஜனம்? மறுமுனையில் "சொல்லுங்க" என்று கேட்டதும் ஒத்திகை பார்த்த முதல் வரியே காணாமல் போய்விடும்.

என் பங்குக்கு: டிவி ஒலியளவு இரட்டைப்படையில்தான் இருக்க வேண்டும். 14 சரி, 16 சரி, 15 வைத்தால் படம் பார்க்கவே ஓடாது. நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் சாரி சொல்வேன். படிக்கும் புத்தகத்தைக் கவிழ்த்து வைப்பவர்களைக் கண்டால் ஆகாது, முதுகு வலிக்காதா அதற்கு? தலையில் இரண்டு சுழி இருக்கிறது, அதனால் எந்தப் பக்கம் வகிடு எடுத்தாலும் முடி எதிர்ப்பக்கம்தான் போகும்.

பின்வரிசை

விளையாட்டைக் கெடுக்க வரவில்லை. ஆனாலும் இந்த மாதிரிப் பட்டியல்களில் முக்கால்வாசி எல்லாருக்கும் பொருந்துகிற சமாசாரம். "எனக்கு மழை பிடிக்கும், பழைய பாட்டு பிடிக்கும், கூட்டத்தில் இருந்தாலும் சில நேரம் தனியாக உணர்வேன்." இதில் ஆள் எங்கே இருக்கிறார்?

1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு ஒன்று வைத்தார். பிறகு ஒவ்வொருவர் கையிலும் "உங்கள் ஆளுமை இதுதான்" என்று ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. கடைசியில் பார்த்தால் அத்தனை பேர் தாளிலும் இருந்தது அதே வரிகள்! ஜோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்து பொறுக்கி எடுத்தவை. வெளியே தைரியம், உள்ளே பயம் என்கிற ரகம்.

ஆகவே என் யோசனை: நீங்கள் எழுதுவதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேராவது "ஐயோ, நான் அப்படி இல்லையே" என்று சொல்ல வேண்டும். கிறுக்கலின் 6.07 தேறும். இரட்டைச்சுழியின் ஒலியளவு தேறும். மழை தேறாது.

கிறுக்கல்

சரி, அந்த அளவுகோலையே வைத்துக்கொள்வோம். விதி போட்டவர் தன்னைப் பற்றி ஒரு வரி சொல்லாமல் நழுவுகிறார், எல்லாரும் கவனித்தீர்களா?

பின்வரிசை

மாட்டிவிட்டீர்களே. குறுக்கெழுத்துப் புதிரில் கடைசி ஒரு கட்டத்தை வேண்டுமென்றே காலியாக விட்டு மூடி வைப்பேன். முழுதாக முடித்துவிட்டால் அந்தத் தாள் குப்பை, ஒன்று பாக்கி இருந்தால் அது இன்னும் என்னுடையது. லிஃப்டில் கதவு மூடும் பொத்தானைத் தொட மாட்டேன். அப்புறம், இருட்டான இடத்திலிருந்து வெயிலுக்கு வந்தால் சரியாக இரண்டு தும்மல் வரும். ஒன்றும் வராது, மூன்றும் வராது.

நடுநிசி

வெயில் தும்மல் உங்களுக்கு மட்டும் என்று நினைத்தால் ஏமாற்றம் தரப்போகிறேன். எங்கள் வீட்டில் அப்பா, நான், என் மகள் மூவருக்கும் உண்டு. இது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், குடும்பத்தில் இறங்கும். மக்கள்தொகையில் 18 முதல் 35 சதவீதம் பேருக்கு இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். பழைய கிரேக்கர்கள் வெயிலின் சூடு மூக்கைக் கிளறுகிறது என்று நினைத்தார்கள். பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சிஸ் பேக்கன் என்ற ஆங்கிலத் தத்துவ அறிஞர் கண்ணை மூடிக்கொண்டு வெயிலில் போய் நின்று பார்த்தார். சூடு இருந்தது, தும்மல் வரவில்லை. ஆக விஷயம் கண்ணில் இருக்கிறது. முகத்தின் உணர்வு நரம்பும் பார்வை நரம்பும் மூளைக்குப் போகும் வழியில் ஒன்றின் செய்தி மற்றொன்றில் கசிகிறது என்பது இப்போது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

என்னைப் பற்றி: பெயரே சொல்லும். இரவு பதினொன்றுக்கு மேல்தான் எனக்கு மூளை திறக்கும். காலை எட்டு மணிக்கு என்னிடம் எதைக் கேட்டாலும் "ம்" என்று தலையாட்டுவேன், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பேனாவை 'டிக் டிக்' என்று அழுத்தும் சத்தம் கேட்டால் ஆளை அடிக்கத் தோன்றும். எரிச்சல் என்று சொன்னால் போதாது, நிஜமாகவே கோபம். இதற்கு மிசோஃபோனியா என்று 2001இல் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பக்கத்து மேசைக்காரர் அழுத்துவதை நிறுத்தவில்லை என்பது வேறு கதை.

வெண்பலகை

நான் ஆசிரியை. எல்லாரும் கையை நீட்டுங்கள். கட்டை விரலையும் சுண்டு விரலையும் சேர்த்துத் தொட்டு, மணிக்கட்டைக் கொஞ்சம் உள்பக்கமாக மடக்குங்கள். மணிக்கட்டு நடுவில் ஒரு நரம்பு மாதிரி எழும்புகிறதா? அது நரம்பல்ல, ஒரு தசைநாண். பல கணக்கெடுப்புகளில் ஏறக்குறைய ஏழில் ஒருவருக்கு அது ஒரு கையிலாவது இருப்பதில்லை, மக்கள் கூட்டத்துக்குக் கூட்டம் இது மாறும். இல்லாவிட்டாலும் பிடிமானத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. அதனால்தான் வேறு இடத்தில் தசைநாண் அறுந்தால் அறுவை மருத்துவர்கள் இதை எடுத்து அங்கே வைத்துத் தைக்கிறார்கள். எனக்கு வலது கையில் உண்டு, இடது கையில் இல்லை. முதல் நாள் வகுப்பில் இதைத்தான் சொல்வேன். நாற்பது பிள்ளைகளும் உடனே மணிக்கட்டை மடக்கிப் பார்ப்பார்கள், என் பட்டம் என்ன என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

நாக்கைச் சுருட்டுவது பரம்பரை என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். 1940இல் ஸ்டர்ட்டிவன்ட் என்ற மரபியல் அறிஞர் அப்படி எழுதினார். 1952இல் ஒரே உருவ இரட்டையர்களைச் சோதித்தபோது ஒருவர் சுருட்ட மற்றவரால் முடியாத ஜோடிகள் கிடைத்தன. ஸ்டர்ட்டிவன்ட்டே பிற்பாடு பின்வாங்கிவிட்டார், ஆனால் பாடப் புத்தகங்கள் சில இன்னும் பின்வாங்கவில்லை.

இரட்டைச்சுழி

டீச்சர், எனக்கு இரண்டு கையிலும் இல்லை!! இத்தனை வருஷமாக இது தெரியாமல் என்ன செய்துகொண்டிருந்தேன்?

மூக்குக்கண்ணாடி

இந்த விளையாட்டு புதிதல்ல, பிள்ளைகளா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய வீடுகளில் கேள்விகள் அச்சிட்ட ஆல்பம் வைத்திருப்பார்கள். விருந்தாளி வந்தால் உட்கார வைத்து எழுதச் சொல்வார்கள். பிடித்த நிறம், பிடித்த பெயர், எதை வெறுக்கிறாய், எது உனக்கு மகிழ்ச்சி, இப்படி. பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் புரூஸ்ட் பதின்ம வயதில் தோழி ஒருத்தியின் ஆல்பத்தில் எழுதியது 2003இல் ஏலத்துக்கு வந்து ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் போனது. கேள்விகளை அவர் தயாரிக்கவில்லை, பதில் எழுதினார், அவ்வளவுதான். இன்றைக்கு அந்தக் கேள்வித்தாளே அவர் பெயரில் நிற்கிறது.

எனக்குப் பிடித்தது கார்ல் மார்க்ஸின் தாள். 1865இல் மகள்கள் கேட்ட கேள்விகளுக்கு எழுதினார். பிடித்த நிறம் சிவப்பு, அது எதிர்பார்த்ததுதான். பிடித்த பொழுதுபோக்கு என்ற இடத்தில் புத்தகப் புழுவாக இருப்பது என்று போட்டிருக்கிறார். பிடித்த நாயகர்கள் இருவர்: அடிமைகளின் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய ஸ்பார்ட்டகஸ், கோள்களின் பாதையைக் கணக்கிட்ட கெப்ளர். ஸ்பார்ட்டகஸை யாரும் ஊகித்துவிடலாம். கெப்ளர்தான் ஆளைக் காட்டுகிறது. பின்வரிசை தம்பி சொன்ன அளவுகோல் அங்கேயும் வேலை செய்கிறது பாருங்கள்.

என்னைப் பற்றி: கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடுவேன். பத்திரிகையை யாராவது எனக்கு முன்னால் பிரித்துவிட்டால் அது பழைய பத்திரிகை. கடிதம் எழுதினால் முதலில் கையெழுத்தைப் போட்டுவிட்டு மேலே விஷயத்தை எழுதுவேன், அந்த இடத்துக்குள் முடித்தாக வேண்டும் என்ற கட்டாயத்துக்காக.

தும்பி

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஒரு சந்தேகம், கிறுக்குத்தனமா இல்லையா என்றே தெரியவில்லை. நாவலைப் படமாக எடுக்கும்போது "நான் மனசில் பார்த்த நாயகி இவள் இல்லை" என்று சிலர் சண்டை போடுகிறார்களே, அவர்கள் நிஜமாகவே மனதுக்குள் ஒரு முகத்தைப் பார்த்திருந்தார்களா? நான் அதை ஒரு பேச்சு வழக்கு என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கண்ணை மூடினால் இருட்டு மட்டும்தான். வர்ணனைப் பத்திகளைத் தாண்டி உரையாடலுக்குப் போய்விடுவேன். என் அம்மா முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால் சொல்லத் தெரியும்: நீள முகம், நெற்றியில் ஒரு வடு, இடது பக்கம் சிரிப்பு கொஞ்சம் கோணல். பட்டியல் தெரியும், படம் வராது.

கிறுக்கல்

தும்பி, நீங்கள் சும்மா சொல்லவில்லையே? நான் "சிவப்புக் குடை" என்று தட்டச்சு செய்யும்போதே குடை வந்து நிற்கிறது. பிடி வளைந்திருக்கிறது, ஒரு கம்பி துணியை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. நான் கேட்காமலே வருகிறது.

தும்பி

கம்பியா! எனக்குச் சிவப்பும் தெரியும், குடையும் தெரியும். வந்து நிற்பதற்கு அங்கே இடமே இல்லை.

வெண்பலகை

தும்பி, பயப்பட ஒன்றுமில்லை. இதற்கு அஃபான்டேசியா என்று பெயர். 2015இல் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தின் நரம்பியல் மருத்துவர் ஆடம் ஸீமன் வைத்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, இதயச் சிகிச்சைக்குப் பிறகு மனக்காட்சியை இழந்த ஒருவரைப் பற்றி அவர் எழுதியிருந்தார். அந்தச் செய்தியைப் படித்த இருபதுக்கும் மேற்பட்டவர்கள் "எனக்குப் பிறந்ததிலிருந்தே இப்படித்தான்" என்று அவருக்கு எழுதினார்கள். அவர்களில் பலர் உங்களைப் போலவே, மற்றவர்கள் உருவகமாகப் பேசுகிறார்கள் என்று நினைத்து வளர்ந்தவர்கள். நூற்றுக்கு ஒன்று முதல் நான்கு பேர் இப்படி இருக்கலாம் என்பது மதிப்பீடு.

இதில் பழைய கதையும் உண்டு. 1880இல் பிரான்சிஸ் கால்ட்டன் என்ற ஆங்கில அறிவியலாளர் பலருக்குக் கேள்விகள் அனுப்பினார்: இன்று காலை உட்கார்ந்த உணவு மேசையை மனதில் கொண்டுவாருங்கள், தெளிவாக இருக்கிறதா, நிறம் தெரிகிறதா? அவருடைய அறிவியல் நண்பர்கள் சிலர் கேள்வியையே விநோதமாகப் பார்த்தார்கள், அப்படி ஒன்று யாருக்காவது இருக்க முடியுமா என்று.

பின்வரிசை

எனக்கு ஒரு கேள்வி. ஒருவர் "தெரிகிறது" என்பதும் இன்னொருவர் "தெரியவில்லை" என்பதும் வெறும் சொல் வித்தியாசம் இல்லை என்று எப்படிச் சொல்வது? இருவருக்கும் ஒன்றே நடந்து, வேறு வேறு மாதிரி விவரிக்கலாமே.

வெண்பலகை

நியாயமான கேள்வி. கண்மணியை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பிரகாசமான ஒன்றைப் பார்த்தால் கண்மணி சுருங்கும், அது நம் கட்டுப்பாட்டில் இல்லை. பிரகாசமான உருவத்தை மனதில் நினைத்துக்கொண்டாலும் பெரும்பாலோருக்குக் கொஞ்சம் சுருங்குகிறது. மனக்காட்சி இல்லை என்று சொன்னவர்களுக்கு, நிஜ வெளிச்சத்துக்குச் சுருங்கிய அதே கண்மணி நினைத்தபோது சுருங்கவில்லை. 2022இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்டது. ஆக வெறும் பேச்சு வித்தியாசம் என்று தள்ள முடியாது.

தும்பி

நேற்று இரவு என் அண்ணனிடம் கேட்டேன். அவன் பழைய வீட்டுக்குள் மனதில் நடந்து போய், எந்த ஜன்னலில் கண்ணாடி உடைந்திருந்தது என்று சொல்கிறான்! எனக்கு அது உடைந்திருந்தது என்ற தகவல் மட்டும் இருக்கிறது. கொஞ்சம் பொறாமையாக இருந்தது என்பது உண்மை. நான் வரைகலை வேலை செய்கிறேன் என்பதுதான் இதில் வேடிக்கை. தாளில் கோடு போட்டால்தான் எனக்கு யோசனை வரும், மனதில் வராது. அதனால் நிறைய தாள் வீணாகும். பிக்ஸார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட் கேட்மல் தனக்கும் மனக்காட்சி இல்லை என்று சொல்லியிருப்பதைத் தேடிப் படித்த பிறகு பொறாமை பாதியாகிவிட்டது.

ஓரெழுத்து

தும்பிக்கு நேர் எதிர் திசையில் நான். எனக்கு எழுத்துகளுக்கு நிறம் உண்டு. 'க' செங்கல் நிறம், 'ம' அடர் நீலம், 'ல' கிட்டத்தட்ட நிறமே இல்லாத வெளுப்பு. ஆங்கில எழுத்துகளுக்கும் எண்களுக்கும்கூட உண்டு. 7 பழுப்பு, அதில் மாற்றமே கிடையாது. கறுப்பு மையில் அச்சிட்டது கறுப்பாகத்தான் தெரிகிறது, ஆனாலும் அது நீலம் என்று எனக்குத் தெரியும். இதற்குமேல் விளக்க வரவில்லை. ஒருவர் பெயர் மறந்துவிட்டால், "ஏதோ பச்சையும் மஞ்சளும்" என்று ஞாபகம் இருக்கும், அதை வைத்துத் தேடுவேன்.

மூக்குக்கண்ணாடி

ஓரெழுத்து, இது உங்களை நல்ல கூட்டத்தில் சேர்க்கிறது. எழுத்தாளர் நபகோவுக்கு எழுத்துகள் நிறத்தோடு இருந்தன. இயற்பியலாளர் ஃபைன்மன் சமன்பாடுகளில் எழுத்துகளை நிறத்தோடு பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார், மாணவர்களுக்கு அது எப்படித் தெரியுமோ என்று வியந்தும் இருக்கிறார்.

பின்வரிசை

எழுத்து நிறத்தைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஓரெழுத்து இப்போது எல்லா எழுத்துக்கும் நிறம் எழுதி, நம்மில் யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும். அடுத்த வருஷம் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பக் கேட்போம். உண்மையாக இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் அப்படியே திரும்ப வரும். சும்மா சொன்னவர்களுக்கு ஒரு வாரத்திலேயே குழம்பிவிடும். ஆய்வாளர்கள் 1980களிலிருந்து இந்த முறையைத்தான் வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, அமெரிக்காவில் இப்படி நிறம் பார்ப்பவர்களின் பட்டியல்களை ஒப்பிட்டபோது ஒரு சிறு பகுதியினருக்கு வரிசை அப்படியே ஒத்துப்போனது. எங்கிருந்து என்று தேடினால், ஃபிஷர்-பிரைஸ் விற்ற காந்த எழுத்துப் பொம்மைகள்! குழந்தையில் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டி விளையாடிய நிறங்கள் மூளையில் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டன.

ஓரெழுத்து

பின்வரிசைக்குத் தனிச்செய்தியில் 247 எழுத்துக்கும் அனுப்புகிறேன், பத்திரமாக வைத்திருங்கள். ஆய்த எழுத்து வெள்ளி நிறம், அதை இப்போதே எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடுகிறேன்.

வல்லினம்

நான் இதுவரை எங்கேயும் வெளிப்படையாகச் சொன்னதில்லை. எனக்கு முகங்கள் நினைவில் நிற்பதில்லை. மறதி என்று நினைக்காதீர்கள், பெயர், பேசிய விஷயம், குரல் எல்லாம் நினைவிருக்கும். முகம் மட்டும் நிற்காது. தலைமுடியை மாற்றிக்கொண்டு வந்தால் கூடவே வேலை செய்கிறவரைக்கூடத் தாண்டிப் போய்விடுவேன். நடை, தோள் சாய்வு, கைப்பை, குரல் இவற்றை வைத்துத்தான் சமாளிக்கிறேன். படத்தில் ஒரே மாதிரி உடை போட்ட இரண்டு நாயகர்கள் இருந்தால் கதை எனக்குப் புரியாது. பிறவியிலேயே இப்படி இருப்பவர்கள் நூற்றுக்கு இருவர் இருக்கலாம் என்கிறார்கள்.

உறவினர் மத்தியில் எனக்குக் கிடைத்த பட்டம் திமிர் பிடித்தவள். "பார்த்தும் பார்க்காத மாதிரிப் போகிறாள்." மற்றவர்கள் சொல்லும் சின்ன விஷயங்கள் அலங்காரம் மாதிரி, இருந்தாலும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எனக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுவது தேவை. இப்போது புதிய இடத்தில் சேர்ந்தால், "நாளைக்கு என்னைப் பார்த்தால் நீங்களே பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், நான் கூப்பிடாவிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் படிப்பைவிட அந்த வரிதான் எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

மூக்குக்கண்ணாடி

அம்மா, ஆலிவர் சாக்ஸ் என்ற நரம்பியல் மருத்துவருக்கும் இது இருந்தது. தாடிக்காரர் ஒருவர் மேல் மோதப்போய் மன்னிப்புக் கேட்டாராம், பார்த்தால் எதிரே இருந்தது கண்ணாடியில் அவரே. சிம்பன்சிகளை ஆராய்ந்த ஜேன் குட்டாலுக்கும் முகங்கள் நினைவில் நின்றதில்லை. திமிர் என்று சொன்னவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

நடுநிசி

வல்லினம் சொன்னதைப் படித்தபிறகு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சிலர் அறிமுகத்தில் "எனக்குக் கொஞ்சம் ஓசிடி, பேனாவெல்லாம் நேராக இருக்கணும்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். பேனா நேராக இருப்பது பிடிக்கும் என்றால் அதை மட்டும் சொன்னால் போதும். என் நண்பர் ஒருவருக்கு அந்த நோய் உண்டு. பூட்டிய கதவைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்து, பேருந்தை விட்டு, வேலையை விட்டு, கடைசியில் சிகிச்சைக்குப் போனவர். அது அவருக்குப் பிடித்த பழக்கம் அல்ல, அவர் வெறுக்கிற பழக்கம். அந்த ஒரு வித்தியாசம் போதும்.

இரட்டைச்சுழி

ஆமாம் அண்ணா. என் ஒலியளவு 15க்குப் போனால் நான் முகம் சுளிப்பேன், அவ்வளவுதான். தூக்கம் கெடாது. அது கிறுக்கு, நோயில்லை.

நானும் ஒரு எச்சரிக்கை விட்டுப்போகிறேன். முதலில் வளர்த்த நாயின் பெயர், முதல் பள்ளி, அம்மாவின் பிறந்த ஊர், முதல் வண்டி, இந்த மாதிரி "சின்ன விஷயங்களை" பொதுவில் எழுதாதீர்கள். கடவுச்சொல்லை மறந்தால் சில வங்கிகளும் தளங்களும் கேட்கும் கேள்விகளே அவைதான். ஏற்கெனவே எங்காவது எழுதியிருந்தால், பாதுகாப்புக் கேள்விக்குப் பொய்யான பதிலாக மாற்றிவிடுங்கள். என் முதல் பள்ளியின் பெயர் வங்கிக் கணக்கில் ஒரு விலங்கின் பெயர்.

பின்வரிசை

எல்லாம் சரி, அடிப்படையில் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. நாம் சொல்வதெல்லாம் நாமே பொறுக்கி எடுத்தவை. கண்ணாடியைத் தேடுகிறேன், நாற்காலியிடம் சாரி சொல்கிறேன் என்று அழகான குறைகளாகப் பார்த்துச் சொல்கிறோம். வாங்கிய கடனைத் திருப்பித் தர மூக்கால் அழுவேன் என்று யாராவது எழுதினீர்களா? 2002இல் உளவியலாளர் சாம் கோஸ்லிங்கும் கூட்டாளிகளும் முன்பின் தெரியாதவர்களை 94 அலுவலக அறைகளுக்கும் 83 படுக்கையறைகளுக்கும் அனுப்பி, அங்கே இருப்பவர் எப்படிப்பட்டவர் என்று ஊகிக்கச் சொன்னார்கள். ஆளைப் பார்க்காமலே சில குணங்களை நன்றாகச் சொன்னார்கள், குறிப்பாகப் புதியவற்றில் ஆர்வம் உள்ளவரா என்பதை. அறை நம்மைவிட உண்மை பேசும்.

கிறுக்கல்

முதல் சந்திப்பிலேயே உண்மை முழுவதும் எதற்கு? உளவியலாளர் ஆர்தர் ஏரன் 1997இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமில்லாத இருவரை உட்கார வைத்து 36 கேள்விகளை மாறி மாறிக் கேட்க வைத்தார். கேள்விகள் மூன்று தொகுதி, ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஆழம். முக்கால் மணி நேரத்தில், சும்மா அரட்டை அடித்தவர்களைவிட இவர்கள் நெருக்கமாக உணர்ந்தார்கள். கவனியுங்கள், எடுத்தவுடன் மரண பயத்தைக் கேட்கவில்லை. தொலைபேசியில் பேசுமுன் ஒத்திகை பார்ப்பீர்களா என்பது மூன்றாவது கேள்வி! நானும் இரட்டைச்சுழியும் முதல் நாளே தேறிவிட்டோம். கடன் விவகாரம் மெதுவாக வரட்டும்.

அப்புறம், பொறுக்கி எடுப்பதிலும் ஆள் தெரியத்தான் செய்கிறது. நீங்கள் எழுதியதில் மூன்றில் இரண்டு, முடிக்காமல் விடுவதும் தொடாமல் விடுவதும். அதைக் கவனித்தீர்களா?

பின்வரிசை

இல்லை. இனிமேல் லிஃப்டில் நிம்மதியாகப் போக முடியாது, நன்றி.

அரைக்கண்

இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு உதவி வேண்டும். திங்கட்கிழமை புது வேலையில் சேர்கிறேன். இருபது பேர் முன்னால் எழுந்து "என்னைப் பற்றி" சொல்ல வேண்டும். நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. இப்படி எழுதி வைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"எனக்கு இசை கேட்கப் பிடிக்கும். படிக்கட்டில் ஏறும்போது மனதுக்குள் எண்ணுவேன், அதனால் நான் போன எல்லாக் கட்டடத்திலும் எத்தனை படி என்று தெரியும். புதியவற்றைக் கற்றுக்கொள்ள ஆர்வம் அதிகம். காதுக்குள் இடி உறுமுவது மாதிரி ஒரு சத்தத்தை நினைத்தபோது வரவழைக்க என்னால் முடியும். குழுவாக வேலை செய்யப் பிடிக்கும்."

வெண்பலகை

காதுச் சத்தம் உண்மைதான். செவிப்பறையை இழுத்துப் பிடிக்கும் சிறு தசையைச் சிலரால் தாமாகவே இறுக்க முடியும். ஆனால் அதைச் சொன்னால் இருபது பேரும் முகத்தைச் சுளித்து முயன்றுகொண்டிருப்பார்கள், நீங்கள் அடுத்துச் சொல்வது யார் காதிலும் விழாது. மதிய இடைவேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பின்வரிசை

முதல் வரி, மூன்றாவது வரி, ஐந்தாவது வரி மூன்றையும் அடித்துவிடுங்கள். ஃபோரர் தாளில் ஒட்ட வைக்கலாம், அவ்வளவு பொது. படிக்கட்டு வரி மட்டும் போதும். சேருகிற அலுவலகத்துக்கு எத்தனை படி என்று திங்கட்கிழமை காலை எண்ணிக்கொண்டே ஏறி, அந்த எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். யாராவது ஒருவர் சரிபார்க்கப் போவார். அவரோடு உங்களுக்குப் பேச விஷயம் கிடைத்துவிடும்.

அரைக்கண்

அலுவலகம் ஒன்பதாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் உண்டு.

பின்வரிசை

ஏறித்தான் ஆக வேண்டும். அரை மணி முன்னதாகக் கிளம்புங்கள்.